எலுமிச்சை, சாத்துக்குடிச் சாறு: கெடாமல் வைப்பதும், கெட்டதைக் கண்டுபிடிப்பதும்

எலுமிச்சம்பழம் விலை இறங்கும் நாட்களில் இரண்டு கிலோ வாங்கி, மொத்தமாகப் பிழிந்து பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டால் கொஞ்ச நாளைக்குக் கவலையில்லை என்று நினைக்கிறோம். நினைப்பு சரிதான். ஆனால் ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்தால் நிறம் மங்கியிருக்கிறது, ஒரு மாதிரி வாடை வருகிறது. குடிக்கலாமா, கொட்டிவிடலாமா என்று முடிவுக்கு வர முடியாமல் பாட்டிலை மூடி மறுபடி ஃபிரிட்ஜுக்குள்ளேயே தள்ளிவிடுகிறோம்.

இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம், மூன்று வெவ்வேறு விஷயங்களை நாம் 'கெட்டுப்போச்சு' என்ற ஒரே பேச்சில் அடக்கிவிடுவதுதான். காற்றும் வெளிச்சமும் பட்டுச் சாறு சுவை இழப்பது ஒன்று. ஈஸ்ட், பூஞ்சை போன்றவை வளர்ந்து சாறு புளித்துப்போவது இரண்டாவது. நோய்க்கிருமி கலந்திருப்பது மூன்றாவது. முதலாவதால் உடம்புக்கு ஆபத்தில்லை. இரண்டாவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியவே தெரியாது. அதைப் பிழியும்போதே தடுத்தாக வேண்டும்.

எந்தச் சாறு எவ்வளவு தாங்கும்

எல்லாமே புளிப்புப் பழம்தானே என்று ஒரே கணக்குப் போடக்கூடாது. எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் அளவு 2 முதல் 2.6 வரை இருக்கும். இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள். அவ்வளவு அமிலத்தில் பெரும்பாலான பாக்டீரியாக்களால் பெருக முடியாது. ஆரஞ்சுச் சாறு 3.3-லிருந்து 4.2 வரை போகும். சாத்துக்குடி அதிலும் சாதுவானது. புளிப்பு குறைவு, இனிப்பு உண்டு, ஈஸ்டுக்குக் கொண்டாட்டம்.

அதனால் எலுமிச்சைச் சாற்றை ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் நல்ல மணத்தோடு வைத்திருக்கலாம். சுத்தமாகப் பிழிந்திருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கும், ஆனால் மணம் பாதிதான் மிஞ்சும். ஆரஞ்சு, கமலா ஆரஞ்சுச் சாறு அதிகபட்சம் இரண்டு நாள். சாத்துக்குடியைப் பிழிந்த அரை மணி நேரத்தில் குடித்துவிடுங்கள். அதைச் சேமிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் கிருமி மட்டுமல்ல. சிட்ரஸ் பழங்களின் சதையிலும் கொட்டையிலும் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. பிழிந்ததும் அது அமிலத்தோடு கலந்து, சில மணி நேரத்தில் லிமோனின் என்ற கடுங்கசப்பாக மாறிவிடுகிறது. காலையில் இனித்த சாத்துக்குடி ஜூஸ் மதியம் கசப்பது இதனால்தான். ஃபிரிட்ஜ் இதைத் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது.

சாத்துக்குடி வேண்டுமென்றால் பழமாகவே வையுங்கள். தோலோடு இருக்கும் பழத்தைவிட நல்ல பாட்டில் எதுவும் இல்லை. எலுமிச்சைக்கும் இது பொருந்தும்: ஈரம் போகத் துடைத்து, மூடியுள்ள டப்பாவிலோ ஜிப் கவரிலோ போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு வாரம் தோல் சுருங்காமல் இருக்கும். வெளியே கூடையில் வைத்த பழம் ஒரு வாரத்தில் கல்லாக இறுகிவிடுகிறது. ஆகவே வாரம் இரண்டு பழம் செலவாகும் வீட்டில் சாறு சேமிக்கும் வேலையே தேவையில்லை. நிறையப் பழம் ஒரே நேரத்தில் கைக்கு வரும்போதும், கோடையில் ஒரு பழம் பத்து ரூபாயைத் தொடும் என்று முன்கூட்டியே தயாராகும்போதும்தான் பின்வரும் முறைகள் பயன்படும்.

பிழியும்போதே பாதி வேலை முடிகிறது

முதலில் பழத்தைக் கழுவுங்கள். தோலைத்தான் தூக்கிப் போடுகிறோமே என்று பலர் கழுவுவதில்லை. ஆனால் கத்தி தோலைக் கடந்துதான் உள்ளே போகிறது. தோலில் இருக்கும் மண்ணையும் கிருமியையும் அதுவே சதைக்குள் இழுத்துச் செல்கிறது. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் போதும், சோப்பு வேண்டாம். கழுவிய பிறகு துணியால் துடைத்துக் காய விடுங்கள். கத்தி, பலகை, பிழிவான், வடிகட்டி, கை எல்லாம் சுத்தமாக இருக்கட்டும். மீனோ கறியோ வெட்டிய பலகை வேண்டவே வேண்டாம்.

அழுகல் பட்ட பழத்தை ஒதுக்குங்கள். காம்புப் பக்கம் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் பிழிவது கூடாது. அன்றே குடிப்பதற்கே அது சரியில்லை. நாள்கணக்கில் வைக்கப்போகும் சாற்றில் அந்த ஒரு பழம் மீதி நாற்பதையும் கெடுக்கும்.

பழத்தை மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி நான்கு உருட்டு உருட்டினால் சாறு நன்றாக இறங்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். பிழியும்போது கடைசிச் சொட்டு வரை கசக்காதீர்கள். அதிகம் அழுத்தினால் தோலின் எண்ணெயும் வெள்ளைப் பகுதியின் கசப்பும் கூடவே இறங்கும். உடனே குடிக்கிற ஜூஸில் அது தெரியாது, வைத்திருக்கும் சாற்றில் நாளாக நாளாகத் தெரியும்.

கொட்டையையும் சக்கையையும் உடனே வடிகட்டுங்கள். பிறகு வடிகட்டலாம் என்று கொட்டையோடு வைத்தால் கசப்பு ஏறும். மிக்ஸியில் அடிப்பவர்கள் கொட்டையை எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். உடைந்த கொட்டையின் கசப்பை எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறைக்க முடியாது.

பிழிந்து வாங்க எவர்சில்வர் கிண்ணமோ கண்ணாடியோ பீங்கானோ நல்லது. பித்தளை, செம்பு, இரும்பு, அலுமினியப் பாத்திரத்தில் புளிப்புச் சாறு நிற்கக்கூடாது; அமிலம் உலோகத்தைக் கரைத்துச் சாற்றுக்குள் கொண்டுவந்துவிடும். அலுமினியப் பிழிவான் வைத்திருப்பவர்கள் சாறு அதில் தங்காமல் பார்த்துக்கொண்டு, வேலை முடிந்ததும் கழுவிவிடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைப்பது

சின்னக் கண்ணாடி பாட்டில்கள் இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய பாட்டிலைவிட மூன்று சின்னது நல்லது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காற்று உள்ளே போகிறது, கரண்டியும் போகிறது. பாட்டிலைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, கவிழ்த்து, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காய விடுங்கள். சாற்றை கழுத்து வரை நிரப்புங்கள். அரைப் பாட்டில் சாறும் அரைப் பாட்டில் காற்றுமாக வைத்தால் வைட்டமின் சி வேகமாகக் குறையும், நிறமும் பழுப்பாகும்.

பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுங்கள். இது சின்ன வேலைதான், ஆனால் 'போன வாரமா, அதுக்கு முந்தின வாரமா' என்ற பேச்சுக்கே இடமிருக்காது. பாட்டிலைக் கதவில் வைக்காமல் உள் தட்டில், பின்பக்கம் தள்ளி வையுங்கள். கதவுதான் ஃபிரிட்ஜிலேயே சூடான இடம். உள்ளே 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். எடுக்கும்போது ஊற்றிக்கொள்ளுங்கள், ஸ்பூனை விட்டு எடுக்காதீர்கள்.

ஐஸ் கட்டி: எனக்குப் பிடித்த முறை

மாதக்கணக்கில் வைக்க இதைவிட நல்ல வழி வீட்டில் கிடையாது. சர்க்கரை, உப்பு, மருந்து எதுவும் சேர்க்க வேண்டாம். எலுமிச்சைச் சாற்றின் மணமும் பெருமளவு அப்படியே நிற்கும்.

வடிகட்டிய சாற்றை ஐஸ் ட்ரேயில் ஊற்றும் முன் ஒரு குழியில் எத்தனை ஸ்பூன் பிடிக்கிறது என்று தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். டேபிள் ஸ்பூன் ஒன்று 15 மில்லி. நடுத்தர எலுமிச்சம்பழத்தில் ஒன்றரை முதல் இரண்டு டேபிள் ஸ்பூன் சாறு இறங்கும். ஆக ஒரு கட்டி என்பது ஒரு பழமா, அரைப் பழமா என்று உங்கள் ட்ரேக்கான கணக்கு கிடைத்துவிடும். அந்தக் கணக்கு இருந்தால் லெமன் சாதத்துக்கு எத்தனை கட்டி, ரசத்துக்கு எத்தனை கட்டி என்று யோசிக்க வேண்டியதில்லை.

குழியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். விளிம்பு வரை ஊற்றினால் கட்டிகள் ஒன்றோடொன்று பாலம் போட்டு ஒட்டிக்கொள்ளும். ட்ரேயை மூடி வையுங்கள், அல்லது ஒரு கவரில் நுழைத்து வையுங்கள். திறந்து வைத்தால் பக்கத்திலுள்ள மீன் வாடையைச் சாறு இழுத்துக்கொள்ளும். ஒரு இரவு முழுக்க விடுங்கள். எலுமிச்சைச் சாறு வெறும் தண்ணீரைவிட மெதுவாகத்தான் இறுகும். நான்கு மணி நேரத்தில் எடுத்துப் பார்த்தால் மேலே கட்டியாகவும் நடுவில் கூழாகவும் இருக்கும்.

மறுநாள் ட்ரேயின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் இரண்டு நொடி காட்டி, லேசாக முறுக்கினால் கட்டிகள் கழன்றுவிடும். ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடி, தேதி எழுதி ஃபிரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் மூன்று நான்கு மாதம் சுவை நன்றாக இருக்கும். அதற்குப் பிறகும் ஆபத்தில்லை, மணம்தான் தேயும். எடுத்த கட்டியை உருக விட்டு மீதியைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஜூஸுக்கு நேராகத் தண்ணீரில் போடலாம். சாதம் கிளறும்போது அடுப்பை அணைத்துவிட்டு, கிண்ணத்தில் உருகிய சாற்றைக் கலந்தால் கசக்காது.

சாத்துக்குடியை இப்படி உறைய வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், உருகியதும் கசப்பு இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. கமலா ஆரஞ்சு பரவாயில்லை.

சர்க்கரையோடு: ஸ்குவாஷ்

ஃபிரீசரில் இடமில்லாதவர்களுக்கு இது. 250 மில்லி எலுமிச்சைச் சாறு, 500 கிராம் சர்க்கரை, 250 மில்லி தண்ணீர். சர்க்கரையும் தண்ணீரும் கொதித்துக் கரைந்ததும் வடிகட்டி, முழுதாக ஆற விடுங்கள். சூட்டோடு சாற்றைக் கலந்தால் பச்சை மணம் போய் வெந்த வாடை வரும். ஆறியபின் சாற்றைக் கலந்து, கொதிநீரில் போட்டெடுத்துக் காயவைத்த பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் தாராளமாக ஓடும்.

வெளியே வைக்க வேண்டுமென்றால் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற, கெடாமல் காக்கும் பொருள் தேவை. கே.எம்.எஸ். என்று கேட்டால் கேக் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மேலே சொன்ன அளவு ஏறக்குறைய ஒரு கிலோ ஸ்குவாஷ் தரும், அதற்கு 0.6 கிராம் போதும். கண் மதிப்பில் சிட்டிகை போடுகிற பொருள் அல்ல இது. சின்ன டிஜிட்டல் தராசு இல்லாவிட்டால் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஆறிய ஸ்குவாஷில் கலக்க வேண்டும். இதிலிருந்து வரும் கந்தக வாயு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அப்படி யாராவது வீட்டில் இருந்தால் ஃபிரிட்ஜ் முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கெட்டுவிட்டதா? சோதிக்கும் வரிசை

நாக்கில் வைத்துப் பார்ப்பது கடைசிப் படி. நம்மில் பலர் அதைத்தான் முதலில் செய்கிறோம்.

பாட்டிலைக் குலுக்காமல் வெளியே எடுத்து ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடியுங்கள். முதலில் கழுத்தைப் பாருங்கள். சாறு தொடாத அந்த இடத்தில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்: பஞ்சு போல வெள்ளையாக, அல்லது பச்சை, கறுப்புப் புள்ளிகளாக. அடுத்து சாற்றின் மேற்பரப்பு. பாட்டிலை மெல்லச் சாய்த்தால் நல்ல சாறு ஒரே சீராக ஓடும். மேலே மெல்லிய வெண்படலம் இருந்தால் அது சுருங்கி, மடிந்து, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது ஈஸ்ட் கட்டிய படலம். பிறகு ஓரங்களைப் பாருங்கள். அசைக்காமலேயே அடியிலிருந்து பொடிக் குமிழிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தால் உள்ளே புளிப்பு நடக்கிறது.

இந்த மூன்றில் எது இருந்தாலும் அதோடு முடிந்தது. முகர வேண்டாம், கொட்டிவிடுங்கள். பூஞ்சையை மட்டும் வழித்து எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மேலே தெரிவது ஒரு பகுதிதான், அதன் இழைகள் சாற்றுக்குள்ளே இறங்கியிருக்கும். கொதிக்க வைத்தாலும் சரியாகாது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று வந்தால் வாயு சேர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டில் உப்பியிருப்பதும் இதே அறிகுறி. கண்ணாடி பாட்டிலின் மூடி மேலே புடைத்திருந்தால் அவசரப்படாதீர்கள். அழுத்தத்தில் வெடிக்கவும் கூடும். துணியால் சுற்றி, சிங்க்குக்குள் வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள்.

இப்போது வாடை. கள் வாடை வந்தால் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கத் தொடங்கிவிட்டது. வினிகரின் காட்டம் வந்தால் அதற்கு அடுத்த கட்டம். ஆரஞ்சுச் சாற்றில் மோர் வாடை அடித்தால் லாக்டிக் பாக்டீரியாவின் வேலை. மருந்து, டெட்டால் போன்ற வாடை பெரும்பாலும் பாக்கெட் ஜூஸில் வரும். அமிலத்தையும் சூட்டையும் தாங்கும் அலிசைக்ளோபாசிலஸ் என்ற பாக்டீரியா கிளப்பும் வாடை அது. நான்கில் எது வந்தாலும் சாறு குடிக்க ஆகாது.

வாடையும் சரியாக இருந்தால் மட்டும் ஒரு சொட்டை நாக்கில் வையுங்கள். நல்ல எலுமிச்சைச் சாறு சுருக்கென்று புளித்து உடனே அடங்கும். நாக்கில் சுரீர் என்று நுரைக்கிற உணர்வு, வழவழப்பு, புளிப்புக்குப் பின்னால் நிற்கும் வேறொரு காட்டம் ஆகியவை கெட்டதன் அடையாளம். துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள்.

பயப்பட வேண்டாத மாற்றங்கள்

சாறு இரண்டாகப் பிரிந்து மேலே தெளிவாகவும் கீழே கலங்கலாகவும் நிற்பது கெட்டதன் அறிகுறி அல்ல. பழத்திலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளை அதன் நொதியே சிதைப்பதால் சதைத் துகள்கள் அடியில் தங்குகின்றன. குலுக்கினால் கலந்துவிடும்.

வெளிர்மஞ்சள் நிறம் பழுப்பாவதும் கிருமியால் அல்ல, வைட்டமின் சி சிதைவதால். படலமும் வாடையும் இல்லாத பழுப்புச் சாறு உடம்புக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் சுவை தட்டையாகிவிடும், ஜூஸுக்கு நன்றாக இருக்காது. ஊறுகாயிலோ கறி ஊறவைக்கவோ போடலாம். சாத்துக்குடியின் கசப்பு மேலே சொன்ன லிமோனின்தான்.

தெரியாமல் இருக்கும் ஆபத்து

புளிப்பு எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று நம்பாதீர்கள். 1999-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சூடாக்காமல் விற்ற ஆரஞ்சுச் சாற்றிலிருந்த சால்மோனெல்லா கிருமியால் நூற்றுக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தார்கள். அந்தச் சாறு புளித்துப்போன சாறு அல்ல. நோய்க்கிருமிகளில் சில இந்த அமிலத்தில் பெருகாவிட்டாலும் சாகாமல் கிடக்கும். ஃபிரிட்ஜின் குளிர்ச்சி அவற்றை இன்னும் நாள் கடத்தவே உதவுகிறது. அதனால்தான் கழுவுவதையும் கத்தியையும் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னேன். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு எப்போதும் அப்போதே பிழிந்த சாறுதான். நேற்றைய பாட்டில் வேண்டாம். கடையில் பிழிந்து டம்ளர்களில் வரிசையாக வைத்திருக்கும் ஜூஸும் அவர்களுக்கு வேண்டாம். கண் முன்னால், ஐஸ் இல்லாமல் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

பாக்கெட் ஜூஸும் கரண்ட் கட்டும்

அட்டைப் பாக்கெட்டில் அச்சிட்ட தேதி திறக்காத பாக்கெட்டுக்கு மட்டும்தான். திறந்துவிட்டால் அதை ஃபிரிட்ஜில் வைத்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் நாட்களுக்குள் முடிக்க வேண்டும். உப்பிய பாக்கெட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வாயை வைத்துக் குடித்த பாக்கெட்டைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர்ச்சி நிற்கும். அதற்கு மேல் போனால் ஆரஞ்சு, சாத்துக்குடிச் சாற்றைக் கொட்டிவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை மேலே சொன்ன வரிசையில் சோதித்து, நன்றாக இருந்தால் அன்றே சமையலில் தீர்த்துவிடுங்கள். ஃபிரீசர் நிறையப் பொருள் இருந்தால் இரண்டு நாள் வரை தாங்கும். நீங்கள் ஊரில் இல்லாதபோது கரண்ட் போய் வந்ததா என்பதைச் சாற்றுக் கட்டிகளே சொல்லிவிடும்: தனித்தனியாகக் கிடந்த கட்டிகள் ஒரே பாளமாக ஒட்டியிருந்தால், உருகி மறுபடி உறைந்திருக்கின்றன என்று அர்த்தம்.

கொட்டிய பிறகு

கெட்ட சாற்றை வீணாக்க மனமில்லாவிட்டால் பித்தளை விளக்கு, செம்புக் குடம் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் இன்னும் இருக்கிறது, கூட ஒரு பிடி உப்பு போதும். பூஞ்சை பிடித்ததை அதற்கும் பயன்படுத்தாதீர்கள், நேராகச் சாக்கடைக்கு.

காலியான பாட்டிலை வெறும் தண்ணீரில் அலசி அடுத்த சாற்றை ஊற்றினால், பழைய ஈஸ்ட் புதுச் சாற்றில் இரண்டே நாளில் வேலையைத் தொடங்கிவிடும். மூடியைக் கழற்றி, உள்ளே ரப்பர் வளையம் இருந்தால் அதையும் ஊசியால் நெம்பி எடுத்துத் தனியாகக் கழுவுங்கள். படலம் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்த வளையத்துக்கு அடியில்தான். பாட்டிலைப் பிரஷ் போட்டுக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுங்கள். வளையத்தில் கறுப்புப் புள்ளிகள் ஏறியிருந்தால் மூடியையே மாற்றிவிடுங்கள்.